கண்டறியாத மழைப்பேணி

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலும் பிறகு மறுவாழ்வு நிலையத்திலும் கிடந்து வீட்டுக்குத் திரும்பிய கிழமை, பார்க்க வந்த தமிழ்ச் சனமெல்லாம் திராட்சைப்பழமும் சத்துமாவும் கொண்டுவந்தது. பக்கத்து வீட்டு ஜெர்மன் கிழவர் மட்டும் ஒரு வெறும் தகரப் பேணியைக் கொண்டுவந்தார். முழங்கை நீளத்தில் ஒரு பேணி, வாயில் ஒரு புனல், உள்ளே தண்ணீர் சேர ஒரு குவளை, கூடவே கோடு கோடாகப் போட்ட கண்ணாடிக் குழாய். மழை அளப்பதற்காம். தான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டதால் பழையதை என் கணவருக்குத் தருகிறாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டு, வாயில் சொல் வராமல் இருக்கிற மனுசனுக்குப் பரிசு பார், பழைய பேணி!

அந்தக் கிழவர் நகரத்து நீர் விநியோக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் தண்ணீரை விட மனம் வரவில்லைப் போலும். எங்கள் இரண்டு வீட்டு வளவுகளுக்கும் நடுவில் இடுப்பளவு வேலிச்செடி. எனக்கு வேலையில்லாத நாளில் காலை ஏழரைக்கு யன்னலைத் திறந்தால், மழையோ வெயிலோ, அவர் தன் பேணிக்கு முன்னால் நிற்பார். மழை பெய்தால் நிலம் நனையும், பெய்யாவிட்டால் நனையாது. இதற்கு மேல் அதில் அறிவதற்கு என்ன இருக்கிறது என்று நான் பல வருசமாக யோசித்ததுண்டு. பெய்துவிட்டுப் போன மழையை அளந்து வைத்து என்ன, திருப்பி அனுப்பவா போகிறார்?

ஆனால் என் கணவர் அந்தக் கண்ணாடிக் குழாயை இடது கையால் வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு பொருளை அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு கிழவரிடம் தமிழிலேயே "ஓம்" என்றார். கிழவருக்கும் விளங்கியது. நான் என்ன செய்ய? கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

பேணியை மாட்டுவதற்கு ஒரு தடி நடவேண்டும். அந்தக் கூத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு தடி நட அரை நாள்! சுவரிலிருந்து இவ்வளவு தூரம், ஆப்பிள் மரத்திலிருந்து அவ்வளவு தூரம், நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரம், வாய் சரிந்துவிடக்கூடாது என்று நிலமட்டம் வைத்துப் பார்வை. இந்த நாட்டில் வீடு கட்டினாலும் பேணி கட்டினாலும் ஒரே சடங்குதான். என் கணவர் நாற்காலியில் இருந்துகொண்டு இடது கைவிரலால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டினார். கிழவர் அவர் காட்டியபடி கேட்டார். அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

அதன்பிறகு தினமும் காலை ஏழரைக்கு வேலிச்செடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். என் கணவர் கதவடியில் கிடக்கும் தன் றப்பர்ச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்துத் தடிவரைக்கும் போவார். அந்தக் காலோடு தெருவில் இறங்க மட்டும் அவருக்கு வெட்கம். குவளையிலிருந்த தண்ணீரைக் குழாயில் ஊற்றுவார். கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். பிறகு, மெல்ல, சொல்லைத் தேடிப் பிடித்து, ஜெர்மன் மொழியில் எண்ணைச் சொல்வார். அந்தப் பக்கத்திலிருந்து கிழவர் தன் எண்ணைச் சொல்வார். அரை மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தால் இரண்டு பேரும் மாநாடு வைப்பார்கள். உள்ளே வந்து இவர் குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரில் இடது கையால் கோணலாக அந்த எண்ணை எழுதுவார்.

ஒருமுறை இவரைப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் ஓரிரவு வைத்துக்கொண்டார்கள். நான் பேணியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கலண்டரில் இடம் வெறுமையாக இருக்கிறதே என்று பூச்சியம் போட்டு வைத்தேன். கோப்பி குடிக்க வந்த கிழவர் அதைக் கண்டுவிட்டார். உடனே எனக்கு வகுப்பு. பூச்சியம் என்றால் மழை பெய்யவில்லை என்று அர்த்தமாம். அளக்காத நாளுக்குப் பூச்சியம் போடக்கூடாதாம், ஒரு கோடு போடவேண்டுமாம். பெய்யவில்லை என்பது வேறு, நாங்கள் பார்க்கவில்லை என்பது வேறு என்று விரலை நீட்டி விளக்கினார். ஒன்றுமில்லாததை எழுதுவதற்கும் இரண்டு விதம் வைத்திருக்கிற சனத்தோடு எப்படித்தான் குடியிருப்பது! நான் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பிக் கோப்பைகளைக் கழுவப் போனேன். என் கணவர் மட்டும் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். சொல் வராவிட்டால் மூளையும் இல்லை என்பது எங்கள் சனத்தின் முடிவு. சோபாவில் வந்து இருந்து, அவருடைய முகத்துக்கு முன்னாலேயே என்னிடம் கேட்பார்கள்: "ஆக்களைத் தெரியுதோ?" அவர் ஏதோ கதிரை மேசை மாதிரி. ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களை வடிவாத் தெரியுது. அதுதான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்" என்றேன். அந்தக் குடும்பம் அதன்பிறகு வரவில்லை. திராட்சைப்பழம் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

எர்லாங்கனில் பெரிய கம்பனியில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளையும் இருந்தது. மாதா கோயில் தமிழ்ப் பூசைக்கு சைக்கிளில் வந்து போகும், நல்ல பிள்ளைதான். பூசை முடிந்து நாங்கள் பேணிக் கதை சொன்னதும் சிரித்துக்கொண்டு போனை எடுத்தது. "ஆன்ட்டி, எல்லாம் ஆப்லயே லைவ்வா வருதே. எதுக்கு அங்கிள் மேனுவலா மெஷர் பண்றாரு?" என்றது. அந்த ஆப்பின்படி எங்கள் தெருவில் அப்போது வெயில் எறித்துக்கொண்டிருந்தது. நாங்கள் கோயில் வாசலில் குடைக்குள் நின்றோம். நான் குடையைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

இவ்வளவு நக்கலடித்தாலும் அந்தக் கண்டறியாத பேணி எனக்கும் தேவைப்பட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். காலை ஷிஃப்ட். விடியமுன் போய் மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவேன். சமையலறைக்கு எதிரே பகல் பராமரிப்புக் கூடம். வீட்டில் தனியே விட ஏலாத ஆட்களைக் காலையில் வான் வண்டியில் ஏற்றி வந்து, பின்னேரம் திருப்பி விடுவார்கள். வட்டமாகக் கதிரை போட்டு இருத்தி, நடுவில் ஒரு பெண் நின்று பலூன் எறிவாள். நீதிபதியாக இருந்தவரும் லொறி ஓடினவரும் அந்தப் பலூனைத் தட்டவேண்டும். தட்டினால் கைதட்டல். என் கணவர் நல்லாக இருந்த காலத்தில் ஒருநாள் என்னை ஏற்றிப்போக வந்தவர், கண்ணாடிக் கதவால் அதைப் பார்த்துவிட்டு, காரில் ஏறியதும், "எனக்கு ஒருநாளும் உது வேண்டாம்" என்றார். நானும் "சீ, விசர்க்கதை கதையாதையுங்கோ" என்றேன்.

இப்போது குடும்ப டொக்டர் சொன்னது இதுதான்: கால் இழுத்தாலும் பரவாயில்லை, சொல் வராவிட்டாலும் பரவாயில்லை, தலை தெளிவாக இருக்கும்வரை இவரைத் தனியே வீட்டில் விடலாம். தலை தளம்பத் தொடங்கினால் விட ஏலாது. அடுப்பு இருக்கிறது, படி இருக்கிறது, தெரு இருக்கிறது. தலை தெளிவோ இல்லையோ என்று நான் எப்படி அறிவது? காலைத் தேநீர் இடைவேளையில் வீட்டுக்கு ரெலிஃபோன் எடுப்பேன். "எவ்வளவு?" என்று கேட்பேன். "நாலு" என்பார். சிலநாள் "ஒண்டரை" என்பார். அந்த எண் வந்துவிட்டால் நான் நிம்மதியாகப் போய் உருளைக்கிழங்கு உரிப்பேன். மழை எவ்வளவு பெய்தால் எனக்கென்ன? அவர் எழும்பி, நடந்து, ஊற்றி, பார்த்து, நினைவில் வைத்திருந்து சொல்கிறார் என்பதுதான் எனக்கு வேண்டியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், இலையெல்லாம் கொட்டி மழை பிடித்த நவம்பரில், கொழும்பிலிருந்து மச்சாள் வந்து இறங்கினா. என் கணவரின் மூத்த அக்கா. தம்பியைப் பார்க்கவென்று விசா எடுத்து வந்தவ, மூன்று மாதமும் இருந்துதான் போவா என்று முதல் நாளே அறிவித்துவிட்டா. பெட்டி நிறைய மிளகாய்த்தூள், ஒடியல், ஒரு சின்னப் பேணியில் மடு மாதா கோயில் மண். மண்ணைத் தம்பியின் நெற்றியில் பூசிவிட்டு அழுதா. அழுது முடிந்ததும் என் சமையலைத் திருத்தத் தொடங்கினா. சோறு குழைந்துபோச்சாம், சொதிக்குப் புளி காணாதாம், வீடு குளிராம். இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் என் கணவரின் கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி, இவ்வளவோடும் ஹீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பா. கோயிலுக்குக் கூட்டிப்போவதென்றாலும் காருக்கும் கோயில் வாசலுக்கும் நடுவில் பத்து எட்டுக்கு ஒரு ஒப்பாரி. விடியமுன் எழும்பிச் செபமாலை சொல்லுவா. அதை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது கேட்பேன். மாதாவின் காதே அடைத்துவிடும்.

நான் சொன்ன எதையும் மச்சாள் மனத்தில் வைத்திருக்கமாட்டா. வைத்திருந்தாலும் சும்மா வைத்திருக்கமாட்டா, போனில் ஏற்றிவிடுவா. காலையில் எங்கள் குசினியில் நடந்தது மத்தியானம் லண்டனில் இருக்கும், பின்னேரம் ரொரன்ரோவில் இருக்கும். அதனால் வீட்டு விசயம் ஒன்றும் அவவுக்குச் சொல்வதில்லை என்று நான் முடிவெடுத்தேன். பேணியைப் பற்றியும் சொல்லவில்லை. காலையில் தம்பி தடியடியில் போய் நிற்பது ஏதோ டொக்டர் சொன்ன உடற்பயிற்சி என்று அவ நினைத்துக்கொண்டா. நானும் திருத்தப்போகவில்லை.

அவ வந்த கொஞ்ச நாளில் பேணி வற்றத் தொடங்கியது.

இரவெல்லாம் கூரையில் மழை அடித்துக் கேட்கும். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் கிழவர் "பதினொன்று" என்பார். இந்தப் பக்கம் இவர் குவளையைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் வராது. ஈரம்கூட இல்லை. சிலநாள் விடிந்த பிறகு பெய்த தூறல் மட்டும் அரை, ஒன்று என்று கிடக்கும். கிழவர் எங்கள் பக்கம் வந்து, பேணி ஓட்டையோ என்று பார்க்கக் குவளையில் தண்ணீர் நிரப்பி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு காவல் இருந்தார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பேணி சரி. அப்படியென்றால் பிழை எங்கே?

கிழவர் ஒருநாள் நான் வேலையால் வரும் நேரம் பார்த்து கேற்றடியில் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, உங்கள் கணவர் ஒருவேளை முதலே ஒருமுறை வந்து ஊற்றிவிட்டு, பிறகு மறந்துபோகிறாரோ தெரியாது, இந்த நோயில் அப்படியும் நடக்குமாம், கவனியுங்கள் என்றார். தண்ணீர்க் கந்தோரில் பைப் எண்ணினவர் இப்போது மூளை டொக்டரும் ஆகிவிட்டார்! நன்றி என்று சொல்லிவிட்டுக் கேற்றைக் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன். ஆனால் அவர் சொன்னது என்னோடு உள்ளே வந்துவிட்டது.

ரெலிஃபோனில் எண் வருவது நின்றது. "எவ்வளவு?" என்றால், மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். ஒருநாள், "தெரியேல்லை" என்றார். பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது கலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்த மாதம் முழுக்கப் பூச்சியமும் அரையுமாகக் கிடந்தது. வெளியில் வாளிகள் நிரம்பி வழிகின்றன, கலண்டரில் வறட்சி. என்னைக் கண்டதும் இடது கைவிரலால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டி, "போச்சு" என்றார். நான், "என்ன பேய்க்கதை இது, பேணிதான் பிழை" என்று சத்தம்போட்டேன். பேணி பிழையில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்தறையில் மச்சாள் ரொரன்ரோவோடு கதைத்துக்கொண்டிருந்தா.

டொக்டரிடம் போனோம். அவர் கேள்வி கேட்டார், இவர் சொல்லைத் தேடினார், அவர் மணியைப் பார்த்தார். பகல் பராமரிப்புக்கு ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும், பழகினால் பிறகு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போடலாம் என்றார். நான் வேலை செய்யும் இடம் வேண்டாம் என்று வேறொரு இடத்தில் நாள் கேட்டு டெர்மின் எடுத்தேன். ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, காலை எட்டரைக்கு வான் வாசலுக்கு வரும் என்றார்கள். அன்றைக்கு நான் லீவு போட்டேன். வீட்டில் சொன்னபோது என் கணவர் கோபிக்கவில்லை, தலையை மட்டும் குனிந்துகொண்டார். "பலூன்" என்றார். அந்த ஒரு சொல்லுத்தான். தேடாமலே வந்தது.

அதற்கு முதல் சனிக்கிழமை கிழவர் வந்து பேணியின் புனலையும் உள்ளே இருந்த குவளையையும் கழற்றிக் கொண்டுபோனார். பனிக்காலத்துக்கு அதுதான் முறையாம். புனல் இருந்தால் பனி அதன் மேல் குவிந்து வெளியே விழுந்துவிடுமாம். வெறும் பேணியில் பனி நேரே விழவேண்டும், காலையில் பேணியோடு உள்ளே கொண்டுவந்து மூடி வைத்து உருகவிட்டு, உருகின தண்ணீரை அளக்கவேண்டும். இனி என் குசினி மேசையில் பனிக்கும் ஒரு இடம் போடவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் திங்கட்கிழமைக்குப் பிறகு அதை யார் அளக்கப்போகிறார்கள்?

அந்தத் திங்கட்கிழமை நான் எழும்பிக் குசினிக்கு வந்தபோது யன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. இரவு முழுக்கக் கொட்டியிருக்கிறது. ஆப்பிள் மரம், வேலிச்செடி, கிழவரின் கூரை, ஒன்றையும் விடவில்லை. அந்த வெள்ளையில், எங்கள் கதவடியிலிருந்து பேணித் தடிவரைக்கும் ஒரு காலடி வரிசை. தடியிலிருந்து திரும்பிக் கதவுக்கு ஒரு வரிசை.

கதவைத் திறந்து பார்த்தேன். என் கணவரின் றப்பர்ச் சப்பாத்து நனைந்து, ஓரத்தில் பனி ஒட்டிக்கொண்டு கிடந்தது. நிலத்தில் பதிந்திருந்ததும் அதே சப்பாத்தின் அடிதான், அந்தக் கட்டம் கட்டமான அடி. கதிரையில் இருந்துவிட்டேன். கிழவர் சொன்னது சரி. இந்த மனுசன் இருட்டோடு எழும்பி, பனிக்குள் தனியே போய், கொட்டிவிட்டு வந்து படுத்து, எல்லாவற்றையும் மறந்திருக்கிறார். விழுந்திருந்தால்? வான் வரட்டும், வரத்தான் வேண்டும் என்று நினைத்தேன். மாதாவே, அப்படித்தான் நினைத்தேன்.

ஏழரைக்கு என் கணவர் வந்தார். கோட்டு, தொப்பி எல்லாம் போட்டிருந்தார். வான் வருகிற நாளிலும் பேணிக்குப் போகவேண்டுமாம். "விடுங்கோப்பா, இண்டைக்கு வேண்டாம்" என்றேன். கேட்கவில்லை. சப்பாத்துக்குள் இடது காலை வைத்தவர் சட்டென்று நின்றார். சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். மற்றக் காலையும் வைத்துக்கொண்டு வெளியே இறங்கினார். நான் பின்னால் போனேன்.

அவர் பழைய காலடிகளை மிதிக்காமல் அதற்குப் பக்கத்தால் நடந்தார். இடது கால் ஒரு எட்டு, வலது கால் ஒரு இழுவை. இடது கால் ஒரு எட்டு, வலது கால் ஒரு இழுவை. பாதிவழியில் நின்று திரும்பி, கைத்தடியை நீட்டித் தான் வந்த வழியைக் காட்டினார். பனியில் ஒரு பக்கம் காலடி, மறுபக்கம் ஏர் போன மாதிரி நீளமாக ஒரு கோடு. பிறகு கைத்தடியைப் பக்கத்து வரிசைக்குக் கொண்டுபோனார். அங்கே இரண்டு காலும் வடிவாகத் தூக்கித் தூக்கி வைத்த அடி. ஒரு இடத்திலும் இழுவை இல்லை.

"இது," என்றார். சொல்லைத் தேடினார். "இது நானில்லை."

நான் குனிந்து அந்த இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தேன். யன்னலால் பார்த்து, கதவால் பார்த்து, சப்பாத்தைத் தூக்கிப் பார்த்து முடிவெடுத்தவள் நான். வெட்கப்பட்டுத் தெருவில் இறங்காமல் இருந்த அந்த இழுவைக் காலை, அவர்தான் கைத்தடியால் தொட்டுக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் கதவடியில் மச்சாள். கம்பளித் தொப்பி, கையில் தேத்தண்ணிக் கோப்பை. "என்ன தம்பி, பனிக்குள்ள நிண்டு என்ன தேடுறாய்? காய்ச்சல் வரப்போகுது, உள்ள வா!"

"மச்சாள், விடிய வெளியில போனனீங்களோ?" என்றேன்.

"ஓம், போகாமல்? நெடுக நான்தானே போறன்" என்றா, ஏதோ இத்தனை நாளும் பாராட்டு வராத குறையில். "உந்தப் பேணியில எந்த நேரமும் தண்ணி. ஒருத்தரும் பாக்கிறியள் இல்லை. நான்தான் செபமாலை முடியத் தம்பியின்ர சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்து, ஊத்திப்போட்டு, சீலைத்துண்டால வடிவாத் துடைச்சு வைக்கிறனான். பூச்சாடித் தட்டு, வாளி எல்லாம் கவுக்கிறது நான்தான்."

"ஏன்?"

"ஏனோ? தண்ணி தேங்கினால் நுளம்பு முட்டை போடுமெல்லே! டெங்கு வந்தால் ஆர் பாக்கிறது? எங்கட ஒழுங்கையில சுகாதாரப் பரிசோதகர் வந்து ஒரு சிரட்டைத் தண்ணி கண்டாலும் வழக்குப் போட்டிடுவார். நீங்கள் என்னெண்டால் தடி நட்டுப் பேணி கட்டி நுளம்பு வளக்கிறியள்."

"மச்சாள், இது ஜெர்மனி. சுத்திவரப் பனி கொட்டிக்கிடக்கு. உந்தக் குளிருக்குள்ள எந்த நுளம்பு வரும்? உங்களை மாதிரி ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டோ வரும்?"

"பனி உருகினால் தண்ணிதானே, பிள்ளை" என்றா, மிகவும் பொறுமையாக, விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல.

என் வாயில் என்னென்னவோ வந்தது. கோதாரி, நாசமறுப்பு, எல்லாம் வந்தது. இத்தனை கிழமையும் என் மனுசன் தன் தலையைத் தட்டிக்கொண்டு நின்றதற்கும், பலூனுக்கு வான் வருவதற்கும் காரணம் இந்தத் தொப்பியும் சீலைத்துண்டும்! ஆனால் நான் கத்தமுன் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. என் கணவர் சிரிக்கிறார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. வாய் ஒரு பக்கம்தான் ஏறியது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். என்ன பகிடி என்று தெரியாமலே மச்சாளும் சிரித்தா. நான் சிரிக்கவில்லை. எனக்குக் கண் எரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் கிழவர் தன் பேணியைக் கட்டிப்பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை நான் ஜெர்மன் மொழியில் நாலு வசனத்தில் சொன்னேன். நுளம்பு என்ற இடத்தில் அவர் இரண்டுதரம் திருப்பிக் கேட்டார். கடைசியில் தொப்பியைக் கழற்றி என் கணவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். இவ்வளவு ஒழுங்காக மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவருக்கு முதலே வாயை மூடியிருக்கத் தெரிந்திருக்கலாம். இன்றைக்குத் தன்னுடைய எண்ணையே எழுதிக்கொள்ளலாம், உருகினதும் சொல்கிறேன் என்றார். என் கணவர் ஜெர்மன் மொழியில் "நைன்" என்று மறுத்தார். இடது கைவிரலால் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். கிழவர் உடனே தலையாட்டினார்.

உள்ளே வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கலண்டருக்குப் போனார். போன வருசக் கலண்டரும் அதே ஆணியில்தான் தொங்கியது. நவம்பரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பூச்சியத்தையும் வெட்டிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். அரையையும் ஒன்றையும் வெட்டினார். இடது கையால் போட்ட கோடுகள், ஒன்று மேலே போனது, ஒன்று கீழே போனது.

"எல்லாத்தையுமோ? சிலநாள் உண்மையாவே மழை இல்லைத்தானேப்பா?" என்றேன்.

"தெரியாது," என்றார். "அளக்கேல்லை."

வாசலில் வான் ஹோர்ன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கோடு போட்டுக்கொண்டே இருந்தார். "நீர் வேலைக்குப் போம்" என்றார்.

"நான் இண்டைக்கு லீவு."

"போம். நான் இருக்கிறன்."

நான் வாசலுக்குப் போனேன். வான்காரப் பெடியன் பட்டியலைப் பார்த்து என் கணவரின் பெயரைச் சொன்னான். அவர் வரவில்லை, அவருக்கு வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். வேலையா என்று கேட்டான். ஓம், வேலைதான் என்று தமிழில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பிறகு லீவை ரத்துச் செய்து, கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். சமையலறையில் ஏன் வந்தாய் என்று கேட்டார்கள். நான் கத்தியை எடுத்தேன்.

தேநீர் இடைவேளையில் ரெலிஃபோன் எடுத்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பலூன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாலு தரம் மணி அடித்த பிறகு எடுத்தார்.

"எவ்வளவு?" என்றேன்.

"கோடு," என்றார். தெளிவாக.

பின்னால் மச்சாள் எதையோ தேடிக்கொண்டு புறுபுறுக்கும் சத்தம் கேட்டது. என்ன அங்கே என்று கேட்டேன். அவர் ரெலிஃபோனுக்குள் குரலைத் தாழ்த்தினார்.

"சப்பாத்தை ஒளிச்சிட்டன்" என்றார்.

சரி, வையுங்கோ என்று சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு உருளைக்கிழங்குக்குத் திரும்பினேன்.